மழை பெய்தும் மணக்காத மண்

விமான நிலையத்தில் என் பையைச் சோதித்த பெண், உள்ளேயிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்து முகர்ந்து பார்த்துவிட்டு இந்தியில் ஏதோ கேட்டாள். எனக்கு இந்தி தெரியாது. ஆனால் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவர் கேட்கிற கேள்வி எந்த மொழியிலும் ஒன்றுதான். "மண்ணு" என்றேன். பக்கத்திலிருந்த தமிழ்க் காவலர் அதை அவளுக்குச் சொன்னார். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, எதற்கு என்று கேட்டாள். மகள் தின்பதற்கு என்றா சொல்ல முடியும்? "சாமிக்கு" என்றேன். உடனே பொட்டலத்தை மரியாதையாக மடித்துக் கையில் கொடுத்துவிட்டாள். சாமி பேரில் பொய் சொல்லிவிட்டோமே, விமானம் விழுந்தால் மற்றவர்களும் அல்லவா சேர்ந்து விழுவார்கள் என்று கடலைத் தாண்டும்வரை கண்ணைத் திறக்கவில்லை.

நான் அருப்புக்கோட்டையில் வண்டிகளுக்கு சீட் தைக்கிறவன். படிப்பு ஆறாம் வகுப்போடு நின்றது. பயப்படுவதற்குப் படிப்பு வேண்டியதில்லை என்பதால் அந்த ஒரு காரியத்தில் யாருக்கும் குறைந்தவன் இல்லை. ஒரே மகள் கோமதி. அந்தமானில் பாம்பூஃப்ளாட்டில் கட்டிக் கொடுத்திருக்கிறேன். மாப்பிள்ளை செந்திலுக்குத் துறைமுகத்தில் படகு வேலை. அவருடைய தாத்தா காலத்திலேயே இராமநாதபுரம் பக்கமிருந்து போய்ச் சேர்ந்த குடும்பம். நான் அங்கே போனபோது கோமதி ஐந்து மாதக் கர்ப்பிணி.

மாப்பிள்ளைதான் கூப்பிட்டார். "மாமா, கோமதி மண்ணு திங்கிறா. நான் சொன்னா கேக்க மாட்டேங்குறா. நீங்க வாங்க."

மண் தின்பது எனக்குப் புதிதில்லை. இவளை உண்டாகியிருந்தபோது இவள் அம்மாவும் தின்றாள். நானே கண்மாய்க் கரையிலிருந்து புற்றுமண் கொண்டுவந்து வறுத்துக் கொடுத்திருக்கிறேன். அதைச் சொல்லி மாப்பிள்ளைக்குத் தைரியம் சொல்லப் பார்த்தேன்.

"அது இல்ல மாமா. மத்லப், அதாவது, இது எங்க பின்பக்கத்து மண்ணு. அதுல ஈயம் இருக்கு."

செந்திலின் அப்பா, இறந்துபோன என் சம்பந்தி, பழைய பேட்டரிகளை உடைத்து ஈயத்தை உருக்கி மீன்வலைக்குக் குண்டு வார்த்துக் கொடுத்தவர். வீட்டுக்குப் பின்னால் பாதாம் மரத்தடியில்தான் அந்த அடுப்பு இருந்ததாம். பேட்டரித் தண்ணீரையும் அங்கேயே கொட்டியிருக்கிறார். அப்போது யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. அந்த ஈயம் இப்போது மண்ணில் இருக்கிறது. வயிற்றுப் பிள்ளைக்கு அதைப் போல் ஆகாதது வேறு இல்லையாம்.

இவள் அம்மா இருந்திருந்தால் என்ன செய்திருப்பாள் என்று யோசித்தேன். அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். மசக்கைக்காரியை யாராலும் தடுக்க முடியாது, தின்பதுதான் தின்கிறாள், நல்ல மண்ணாகவாவது தின்னட்டும் என்று கண்மாய்க்குப் போய்ப் புற்றுமண் எடுத்துச் சலித்து வறுத்துப் பொட்டலம் கட்டினேன். நான் அந்தமான் போன கதை இதுதான்.

போர்ட் பிளேரில் சாத்தம் படகுத்துறையில் மாப்பிள்ளை நின்றிருந்தார். அக்கரையில் இருக்கிற பாம்பூஃப்ளாட்டுக்குப் போகிற படகில் மனிதர்களைவிட மோட்டார் சைக்கிள்கள் அதிகம். ஓட்டிவந்தவர்கள் இறங்குவதுகூட இல்லை. சீட்டில் உட்கார்ந்தபடியே கடலைக் கடக்கிறார்கள். எங்கள் ஊரில் ரயில்வே கேட் போட்டால் நிற்கிற மாதிரி கடலுக்கு நடுவில் நிற்கிறார்கள். நிறைய சீட்டுகள் கிழிந்திருந்தன. உப்புக்காற்று நூலைத் தின்றுவிடும் போலிருக்கிறது. இங்கே கடை போட்டால் நன்றாக ஓடும் என்று ஒரு நிமிடம் தோன்றியது. அடுத்த நிமிடம் படகு ஆடியது. அந்த எண்ணம் போய்விட்டது.

கரை சேர்ந்து தேநீரும் உருளைக்கிழங்கு சமோசாவும் வாங்கிக் கொடுத்தார். குடித்து முடிப்பதற்குள் இருட்டிவிட்டது. கடிகாரத்தைப் பார்த்தால் நம் ஊரில் பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் தெருவில் விளையாடுகிற நேரம். "இங்க அப்படித்தான் மாமா. மெயின்லேண்ட் கடிகாரம், எங்க சூரியன்" என்றார்.

கோமதி வாசலிலேயே நின்றாள். இளைத்திருந்தாள், உதடு வெளுத்திருந்தது. என் கையிலிருந்து பையை வாங்கினவள் அப்படியே நின்று மூக்கைச் சுருக்கினாள்.

"அப்பா, பைக்குள்ள என்ன, புத்து மண்ணா?"

இரண்டு பிளாஸ்டிக் பையில் போட்டு, மேலே துணி சுற்றி, வேட்டிக்கு நடுவில் வைத்திருந்தேன்.

"மாமா, நான் நிறுத்தச் சொல்லிக் கூப்பிட்டேன். நீங்க சப்ளை கொண்டாந்திருக்கீங்க" என்றார் மாப்பிள்ளை. கோமதிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தவள் என் தோளில் முகத்தை வைத்து அழ ஆரம்பித்தாள். பொட்டலத்தை மாப்பிள்ளை வாங்கி, அவள் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்தார். அன்றைக்குச் சூரைமீன் குழம்பு. எனக்கு இறங்கவில்லை.

காலையில் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். கம்பி வேலி போட்டு, உள்ளே பயிர் மாதிரி வரிசை வரிசையாக ஒரு செடி. இடுப்புயரம், முக்கோண இலை, வெளிறிய ஊதாப் பூ. கடலோரப் பக்கம் மட்டும் வெட்டிவேர்ப் புல். இந்தச் செடியை நான் ரோட்டோரத்தில் பார்த்திருக்கிறேன். யாரும் நட்டுப் பார்த்ததில்லை.

"கம்யூனிஸ்ட் பச்சை" என்றது வேலிக்கு அந்தப்பக்கமிருந்து ஒரு குரல். பக்கத்து வீட்டு ஆயிஷா இத்தா. மலையாளத்துக்காரர்கள் இதை அப்படித்தான் சொல்வார்களாம். "எங்க விட்டாலும் பரவிடும், பிடுங்கினாலும் போகாது. அதான் அந்தப் பேரு. என் ஆடு ஒலகத்துல எல்லாத்தையும் திங்கும். எங்க வீட்டுக்காரர் சட்டையைத் தின்னுச்சு. இதை மட்டும் தொடாது. அதனாலதான் மேடம் இதை வெச்சாங்க."

மேடம் என்பது மௌசுமி என்கிற பெண். வங்காளிக் குடும்பம், வடக்கு அந்தமானில் பிறந்தவர். மண் ஆராய்ச்சிக்காரர். பழைய படகுப் பட்டறைகள் இருந்த இடங்களில் மண் எடுத்துச் சோதித்துக்கொண்டு வந்தவர், இந்தக் கொல்லையில் எதுவுமே முளைக்காமல் ஓரத்தில் இந்தக் களை மட்டும் முளைத்திருப்பதைப் பார்த்திருக்கிறார். அன்றைக்கு மதியம் வந்தார். அவர் இந்தியில் சொல்வதைக் கோமதி எனக்குச் சொன்னாள். மூலையில் ஒரு நீல டிரம் இருந்தது. மூடியைத் திறந்து ஒரு தடியால் கிண்டினார். புளித்த வாசனை வந்தது. வெல்லத் தண்ணீராம். அந்த ஓரத்துச் செடியின் வேரைச் சுற்றி இருந்த, கண்ணுக்குத் தெரியாத கிருமிகளை எடுத்து இதில் பெருக்கி வேருக்கு ஊற்றுகிறார்கள். ஈயம் மண்ணை இறுக்கிப் பிடித்திருக்கிறது. அந்தப் பிடியை இவை கொஞ்சம் தளர்த்தும், வேர் இழுத்துக்கொள்ளும்.

"கிருமின்னா பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதா?" என்று கேட்டேன்.

"இட்லி மாவைப் புளிக்க வெக்கிறதும் இது மாதிரி ஒண்ணுதானாம்ப்பா."

அது எனக்குப் புரிந்தது. இட்லியைப் பற்றியும் ஒரு சந்தேகம் வந்து உட்கார்ந்துகொண்டது, அது வேறு விஷயம்.

காற்றடித்தால் ஈயம் பறக்காதா என்றேன். அதனால்தான் தரை தெரியாமல் செடி. மழையில் கடலுக்குப் போகாதா என்றேன். அதற்குத்தான் ஓரத்தில் வெட்டிவேர். வளர்ந்த செடியை எரித்துவிடலாமே என்றேன். எரித்தால் புகையில் வந்துவிடும். பெரும்பகுதி வேரில்தான் நிற்கும் என்பதால் வேரோடு பிடுங்கி, காயவைத்து, மூட்டை கட்டி மெயின்லேண்டுக்கு அனுப்ப வேண்டும். அப்புறம் மறுபடி நட வேண்டும். மறுபடி. "எத்தனை காலம்?" என்றதற்கு மேடம் கோமதியின் வயிற்றைப் பார்த்தார். "இந்தக் குழந்தை வேலிக்கு வெளியேதான் வளரணும். அது பெரிதாகி என்கூடச் சண்டை பிடிக்கிற வயசு வந்தா, அப்போ கேளுங்க."

அப்போதுதான் கோமதி அந்த விஷயத்தைச் சொன்னாள். மேடத்துக்கு இந்தியில் ஒருமுறை, எனக்கு ஒருமுறை.

"கல்யாணமாகி வந்த புதுசுல இந்தக் கொல்லை மணக்காதுப்பா. இங்க எந்நேரமும் மழை. ஆனா கதவைத் தெறந்தா மண்வாசமே வராது. செத்த மண்ணு. முன்வாசல் செம்பருத்திகிட்டதான் வாசம் வரும். எனக்கு மசக்கை வந்தப்போ அங்கதான் கொஞ்சம் கிள்ளி வாயில போட்டேன். இங்க வரணும்னே தோணல. போன மாசம் ஒரு நாள் மழை விட்டுச்சு. பின்கதவைத் தெறந்தேன். வாசம் வந்துச்சுப்பா. நம்ம கம்மாக்கரையில வருமே, அதே வாசம். என்னால நிக்க முடியல. வேலிக்குள்ள கையை விட்டு எடுத்துட்டேன்."

மேடத்தின் முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம். ஒரு நொடிதான். பிள்ளை நடக்கிறதைப் பார்த்த முகம் மாதிரி இருந்தது. அடுத்த நொடி கையால் வாயை மூடிக்கொண்டார். பேசினபோது குரல் இறங்கிவிட்டது.

மழை பெய்தால் வருகிற வாசம் மண்ணுடையது இல்லையாம். மண்ணுக்குள் இருக்கிற உயிர்களுடையது. பேட்டரித் தண்ணீரும் ஈயமும் அவற்றைக் கொன்றுவைத்திருந்தன. டிரம்மில் வளர்த்து ஊற்றியதும், வேர்கள் ஓடியதும், உதிர்ந்த இலை மக்கியதும் சேர்ந்து மண்ணுக்கு உயிர் திரும்பியிருக்கிறது. ஈயம் இன்னும் போகவில்லை. வாசம் மட்டும் முதலில் வந்துவிட்டது.

"ஆடு திங்காத செடியாப் பார்த்து வெச்சோம்" என்றார் மேடம். "வேலி போட்டோம். கோழிக்குக்கூட வழி விடல. வாசனையைப் பத்தி நான் நினைக்கவே இல்ல. என்னை மன்னிச்சிடுங்க."

"ஆட்டுக்கு இருக்கிற புத்தி எனக்கு இல்லைன்னு மேடம் நாசூக்காச் சொல்றாங்கப்பா" என்றாள் கோமதி. யாரும் சிரிக்கவில்லை. அவளும்தான்.

மறுநாள் கோமதியின் ரத்தத்தைச் சோதனைக்குக் கொடுக்க போர்ட் பிளேருக்குப் போனோம். படகு பாதிக் கடலில் நின்றுவிட்டது. என்ஜின் சத்தம் இல்லாத கடலை நான் அதுவரை கேட்டதில்லை. வேறு யாரும் தலையைக்கூடத் தூக்கவில்லை. நான் மிதவை எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தேன். எதிர் பெஞ்சில் ஒரு அம்மா, காதில் பெரிய தோடு, மடியில் பலாப்பழம். நிக்கோபார் பக்கம் கச்சால் தீவில் ரப்பர் பால் வெட்டுகிறவராம். சின்ன வயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர். பாம்பூஃப்ளாட்டில் உறவுக்காரர்களைப் பார்த்துவிட்டு, போர்ட் பிளேரில் இருக்கிற மகளிடம் போகிறார்.

"ஏன் தொர, முகத்தை இப்பிடி வச்சிருக்கீங்க? கப்பல் மாத்தி ஏறிட்டீங்களா?"

தெரியாதவர்களிடம் வீட்டுக் கதையைச் சொல்கிற பழக்கம் எனக்கு இல்லை. கடலுக்கு நடுவில் சொல்லிவிட்டேன்.

"மண்ணா?" என்று கோமதியைப் பார்த்தார். "எங்க தோட்டத்து லயத்து வீடுகள்ல தின்னாதவ யாரு? எங்கம்மா அடுப்பையே தின்னுப்புட்டாங்க. எங்கய்யா வேற அடுப்பு கட்டிக் குடுத்தாரு. அந்த மண்ணு வேற, இந்த மண்ணு வேறதான். நீ தின்னாத புள்ள." முந்தானை முடிச்சை அவிழ்த்து, காய்ந்து கறுத்த உப்பு எலுமிச்சை ஒன்றை எடுத்துக் கோமதியின் கையில் வைத்தார். "வாய் ஊறுறப்ப இதை அடக்கிக்க. வாய் மண்ணை மறக்காது. ஆனா மண்ணு கொஞ்ச நேரம் காத்துக்கிட்டு நிக்கும்."

என்ஜின் சத்தம் வந்தது. இறங்கும்போது அவருடைய பலாப்பழத்தை நான் தூக்கிக்கொண்டு நடந்தேன். பேர் கேட்க மறந்துவிட்டேன்.

ரத்தத்தை மெயின்லேண்டுக்கு அனுப்பித்தான் பார்க்க வேண்டுமாம். பதில் வரும்வரை எனக்கு வேலை ஒன்றே ஒன்று. பின்கதவு. கயிற்றுக்கட்டிலை அதற்குக் குறுக்கே போட்டுப் படுத்துக்கொண்டேன். மழை பெய்யும். விடும். கதவிடுக்கு வழியாக அந்த வாசம் வரும். எனக்கே நெஞ்சு குளிரும். இந்த வாசத்தை ஒரு பிள்ளைத்தாய்ச்சி எப்படித் தாங்குவாள்? அடுத்த அறையில் கோமதி புரண்டு படுப்பது கேட்கும். கொஞ்ச நேரத்தில் எலுமிச்சையைச் சப்புகிற சத்தம் கேட்கும்.

"அப்பா, அம்மாவும் இப்படித்தான் கஷ்டப்பட்டாளா?" என்று ஒருநாள் கேட்டாள்.

"அவ கஷ்டப்படல. நான்தான் உடனே கொண்டாந்து குடுத்திருவேனே."

"எனக்கு மட்டும் கட்டிலைக் குறுக்கப் போட்டுட்டீங்க."

"ஆமா தாயி" என்றேன்.

அந்த நாட்களில் முதல் வரிசைச் செடிகள் பிடுங்குகிற பருவத்துக்கு வந்தன. மேடம், மாப்பிள்ளை, நான். முகத்துக்குத் துணி, கைக்கு உறை. வேரை அறுக்காமல் மண்ணைக் கிளறி மெதுவாக எடுக்க வேண்டும். பிடுங்கியதை ஒரு கொட்டகையில் காயவைத்தார்கள். முன்னமே காய்ந்திருந்தவற்றைச் சாக்கில் போட்டபோது வாயைச் சணல் கயிற்றால் சுருக்கிக் கட்டினார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. கப்பலில் உருட்டுவார்கள், தூள் கொட்டும். என் பையில் எப்போதும் தையல் ஊசி இருக்கும், சீட் தைக்கிற வளைந்த ஊசி. உட்கார்ந்து ஒவ்வொரு சாக்கின் வாயையும் லாரி சீட்டுக்குப் போடுகிற இரட்டைத் தையல் போட்டு மூடினேன். மேடம் ஏதோ சொன்னார்.

"இவ்வளவு கெட்டியா இதுவரைக்கும் யாரும் தெச்சதில்லையாம். மெயின்லேண்ட்ல பிரிக்கிறவங்க திட்டுவாங்களாம்" என்றார் மாப்பிள்ளை.

திட்டட்டும். என் பேரப்பிள்ளைக்கு வந்திருக்க வேண்டியது அந்த மூட்டைக்குள் இருந்தது.

பதில் வந்த அன்று டாக்டரம்மா எங்களை உட்காரவைத்துச் சொன்னார். தமிழ் தெரிந்தவர். ரத்தத்தில் ஈயம் இருக்கிறது. கொஞ்சம்தான். தின்றது சில வாரங்கள்தான், இப்போது நிறுத்தியாகிவிட்டது. மருந்து கொடுத்து இறக்க வேண்டிய அளவு இல்லை. இன்னொரு தடவை பார்க்க வேண்டும். ரத்தத்தில் இரும்பு ரொம்பக் குறைவு, மண் தின்னத் தோன்றுவது பெரும்பாலும் அதனால்தான். மாத்திரை, பால், மீன், கீரை. கீரை கடையில் வாங்கினதாக இருக்க வேண்டும், வீட்டு மண்ணில் வளர்ந்தது கூடாது.

"கொஞ்சம்னா எவ்வளவு கொஞ்சம் டாக்டர்?"

"நீங்க பயப்படுற அளவுக்கு இல்லைங்க."

"நான் பயப்படுற அளவு உங்களுக்குத் தெரியாதும்மா."

கோமதி என் கையைக் கிள்ளினாள். டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு, "சரி, அவங்களை விட்டுட்டு உங்களுக்கு ஒரு மாத்திரை எழுதவா?" என்றார்.

ஒரு வாரம் இருக்கலாம் என்று போனவன். இரண்டாவது சோதனை வரை இருந்துவிட்டேன். பாம்பூஃப்ளாட் துறையில் ஏழெட்டு மோட்டார் சைக்கிள் சீட்டுகள் என் கையால் தைத்தவை இப்போது கடலைக் கடக்கின்றன. ஆயிஷா இத்தா கொடுத்த பத்திரி என்கிற அரிசி ரொட்டிக்கும் மீனுக்கும் உடம்பு ஒரு சுற்று வந்தது. பூரான் ஒன்று என் செருப்புக்கு அடியில் இருந்தது. முழங்கை நீளம். அதைப் பற்றித் தனியாக எழுதவேண்டும். நான் கொண்டுபோன புற்றுமண்ணை மேடம் சோதனைக்கு வாங்கிக்கொண்டு போய், ஈயம் எதுவும் இல்லை என்று திருப்பிக் கொடுத்தார். வறுத்ததால் உயிரும் இல்லையாம். அதைச் செம்பருத்திக்குப் போட்டோம்.

இரண்டாவது சோதனையில் ஈயம் இறங்கியிருந்தது. டாக்டரம்மா வயிற்றில் வைத்துப் பார்க்கிற கருவியில் பிள்ளையின் நெஞ்சுச் சத்தத்தைக் கேட்கவைத்தார். மழைக்காலத்தில் எங்கள் கடைத் தகரக்கூரையில் கேட்கிற மாதிரி வேகமாக இருந்தது. வயிற்றுப் பிள்ளைக்கு அந்த வேகம்தான் சரியாம், அதற்கும் பயப்பட வேண்டாம் என்று நான் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டார்.

நான் ஊருக்குக் கிளம்பவேண்டிய அன்று விடியலில் மழை கொட்டி ஓய்ந்தது. மாப்பிள்ளை வேலைக்குப் போயிருந்தார். கட்டிலை எடுத்து ஓரமாகச் சாய்த்துக்கொண்டிருந்தபோது கோமதி பின்னால் வந்து நின்றாள்.

"கதவைத் தெறங்கப்பா."

"எதுக்கும்மா?"

"தெறங்களேன்."

திறந்தேன். புதிதாக நட்ட கன்றுகள் முழங்கால் உயரம்கூட வரவில்லை. வரிசைகளுக்கு நடுவில் மண் கறுப்பாக ஈரமாகத் தெரிந்தது. வாசம் எழுந்து வந்து வீட்டை நிரப்பியது. இதுவரை வந்ததைவிட அதிகம். நான் கம்பி வேலியைப் பார்த்தேன், அதற்கும் படிக்கும் எத்தனை தூரம் என்று பார்த்தேன். அவளுக்கும் படிக்கும் நடுவில் என் காலை வைத்துக்கொண்டேன்.

"வாசம் வருதாப்பா?"

"வருதும்மா."

"எனக்கும் வருது."

அவள் கண்ணை மூடி மூச்சை இழுத்தாள். நான் அவளுடைய தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவள் அம்மா மண்ணைக் கண்டதும் தொண்டை ஒருதரம் ஏறி இறங்கும். எனக்கு அது நன்றாகத் தெரியும். இவளுடையது அசையவில்லை. உதட்டில் நிறம் வந்திருந்தது. ஒரு கை வயிற்றின் மேல் இருந்தது.

"நல்லா இருக்குப்பா" என்றாள். "வாய் ஊறல."

படகுக்கு நேரமாகிவிட்டது. பையைத் தூக்கிக்கொண்டு முன்வாசல் வழியாக இறங்கினேன். பின்கதவைச் சாத்தவில்லை.